தோற்ற ஓட்டு வீணான ஓட்டா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் வந்தால் நம் குடியிருப்புகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "அவர் நல்ல மனிதர்தான். நியாயத்தைத்தான் பேசுகிறார். ஆனால் ஜெயிக்க மாட்டார். ஜெயிக்கிறவனுக்குப் போட்டால்தானே குழாயில் தண்ணீர் வரும்? ஓட்டை ஏன் வீணாக்குகிறாய்?" என்பார்கள். பிழைக்க வந்த ஊரில், மொழி தெரியாத ஆபீசில் கைகட்டி நிற்கிறவன் போடும் கணக்கு இது. அதைக் கேலி செய்ய நாம் இங்கே கூடவில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டால் கடைசி வரி வரைக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த இரவோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறதா? அதுதான் இன்றைய கேள்வி.

இதற்கு ஓர் உதாரணமாக 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறோம். ஷெர்லி சிஷோம் என்ற கறுப்பினப் பெண்மணி ஜனாதிபதி பதவிக்கு நிற்கிறேன் என்று வந்தார். ஜெயிக்க மாட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கும் அது தெரியும். அப்படியும் அவருக்கு ஆள் சேர்ந்தது. ஏன் சேர்ந்தது, சேர்ந்ததால் என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது?

முதலில் அங்குள்ள முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் ஒரு கட்சிக்கு யார் வேட்பாளர் என்பதைக் கட்சி மேலிடம் முடிவு செய்கிறது. டிக்கெட் கிடைத்ததா இல்லையா என்று நாம் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிறோம். அமெரிக்காவில் அதற்கும் ஒரு தேர்தல் உண்டு. பிரைமரி என்று பெயர். பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பே, மாநிலம் மாநிலமாக, சாதாரண வாக்காளர்கள் தங்கள் கட்சிக்கு யார் வேட்பாளராக வேண்டும் என்று ஓட்டுப் போடுகிறார்கள். அந்த ஓட்டுக்கு ஏற்றபடி பிரதிநிதிகள் கட்சி மாநாட்டுக்குப் போய் வேட்பாளரை முடிவு செய்கிறார்கள்.

இந்த முறையும் தானாக வந்துவிடவில்லை. 1968இல் ஜனநாயகக் கட்சி, பிரைமரிகளில் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ஃப்ரி என்பவரை மேலிடத்துப் பெரிய மனிதர்களின் தயவால் வேட்பாளராக்கியது. வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் சிகாகோ மாநாட்டு வாசலில் போலீஸ் தடியடி வாங்கினார்கள். அந்த ரகளைக்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். பெண்களும் இளைஞர்களும் கறுப்பினத்தவரும் பிரதிநிதிகளாக வர வேண்டும் என்று ஆயிற்று. மாநாட்டில் 1968இல் நூற்றுக்குச் சுமார் 13 பேராக இருந்த பெண்கள் 1972இல் சுமார் 40 ஆனார்கள். 1971இல் ஓட்டுரிமை வயதும் 18 ஆகிவிட்டது. நம் நாட்டில் இது 1989இல்தான் வந்தது. இப்படித் திறந்த கதவு வழியாகத்தான் சிஷோம் உள்ளே வந்தார்.

பாட்டி வீட்டில் வளர்ந்த பெண்

அவர் யார்? அவரும் நம்மைப் போலப் பிழைக்கப் போன குடும்பத்தின் பிள்ளைதான். தகப்பனார் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். நம் தமிழ்க் கூலிகளையும் கப்பலேற்றிக் கரும்புத் தோட்டத்தில் இறக்கிய அதே கயானா. தாயார் பார்படோஸ் தீவைச் சேர்ந்தவர். இருவரும் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் குடியேறினார்கள். தகப்பனார் சாக்கு ஆலையில் வேலை பார்த்தார். தாயார் துணி தைத்தார், வீட்டு வேலைக்கும் போனார். அங்கே 1924இல் ஷெர்லி பிறந்தார்.

இருவர் சம்பளத்திலும் பிள்ளைகளை வளர்க்க முடியவில்லை. மூன்று பெண் குழந்தைகளையும் பார்படோஸில் பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து 1934இல்தான் பிள்ளைகள் பெற்றோரிடம் திரும்பினார்கள். இந்தக் கூட்டத்தில் பிள்ளையை ஊரில் ஆச்சியிடமோ அம்மாச்சியிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிற தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஷெர்லி படித்தார். குழந்தைப் பள்ளியில் ஆசிரியை ஆனார். குழந்தைக் காப்பகங்களை நிர்வகித்தார். பிறகு அரசியலுக்கு வந்தார். 1964இல் நியூயார்க் மாநிலச் சட்டசபைக்குத் தேர்வானார். அங்கே அவர் சாதித்தவற்றில் ஒன்று, வேலை போனால் கிடைக்கும் உதவித் தொகையை வீட்டு வேலை செய்பவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தது. அம்மா செய்த வேலையை மகள் மறக்கவில்லை.

1968இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்கு நின்றார். கட்சி அமைப்பு வேறொருவரை விரும்பியது. இவர் தெருத் தெருவாக நடந்தார். போர்ட்டோரிக்கோ மக்கள் வாழும் தெருக்களில் அவர்களுடைய ஸ்பானிஷ் மொழியிலேயே பேசினார். அடுத்தவன் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிவதன் பலம் நமக்கும் தெரியும். என்னை யாரும் விலைக்கு வாங்கவில்லை, எனக்கு எந்த முதலாளியும் இல்லை என்பதுதான் அவருடைய கோஷம். பிரைமரியில் சொற்ப வாக்கில் வென்றார். பொதுத் தேர்தலில் நாடறிந்த ஜேம்ஸ் ஃபார்மரைத் தோற்கடித்தார். அமெரிக்கக் காங்கிரசில் நுழைந்த முதல் கறுப்பினப் பெண் இவர்தான்.

நுழைந்தவுடன் என்ன செய்தார்கள் தெரியுமா? நகரத்து ஏழைகளின் பிரதிநிதியை விவசாயக் கமிட்டியில் போட்டார்கள். புதிதாக வந்தவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். இவர் எழுந்து நின்று மறுத்தார். வேறு கமிட்டி வாங்கினார். 1969 மார்ச்சில் சபையில் பேசிய முதல் பேச்சிலேயே, ஏழைக்குப் பணம் இல்லை என்றால் ராணுவச் செலவு மசோதா ஒவ்வொன்றையும் எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று அறிவித்தார். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு அரசு குழந்தைக் காப்பகம் நடத்த வேண்டும் என்று பாடுபட்டார். அப்படி ஒரு மசோதாவை 1971இல் இரு சபைகளும் நிறைவேற்றின. ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

யாரெல்லாம் கைவிட்டார்கள்?

1972 ஜனவரி 25ஆம் தேதி, புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில் தன் போட்டியை அறிவித்தார். நான் கறுப்பினத்தவள், அதில் பெருமைதான். ஆனால் கறுப்பினத்துக்கு மட்டும் வேட்பாளர் இல்லை. நான் பெண், அதிலும் பெருமைதான். பெண்களுக்கு மட்டும் வேட்பாளர் இல்லை. நான் மக்களின் வேட்பாளர் என்ற பொருளில் பேசினார்.

நடந்தது என்ன? கறுப்பினத் தலைவர்களான ஆண்களில் பெரும்பாலோர், எங்களைக் கேட்காமல் ஒரு பெண் எப்படி நிற்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண் விடுதலை பேசிய தலைவிகளில் சிலர் துணை நின்றார்கள். சிலர் வாயால் வாழ்த்திவிட்டு, ஜெயிக்கக்கூடியவர் என்று ஜார்ஜ் மெக்கவர்ன் பக்கம் போனார்கள். கறுப்பராக இருந்ததைவிடப் பெண்ணாக இருந்ததற்காகத்தான் தனக்குத் தடை அதிகம் என்று சிஷோமே பின்னாளில் சொன்னார்.

அவர்களையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நிக்ஸனை இறக்கினால்தான் போர் நிற்கும், ஓட்டைச் சிதறடிக்கக் கூடாது என்று அவர்கள் பயந்தார்கள். பயம் பொய்யில்லை. ஆனால் முடிவைப் பாருங்கள். ஜெயிப்பார் என்று அவர்கள் நம்பிப் போன மெக்கவர்ன், நவம்பரில் 50 மாநிலங்களில் 49ஐ நிக்ஸனிடம் பறிகொடுத்தார். ஜெயிக்கிற குதிரை எது என்று முன்கூட்டித் தெரிந்தவர் யாருமில்லை, தோழர்களே. தெரிந்ததுபோல் பேசுகிறவர்கள்தான் ஏராளம்.

கூட நின்றவர்கள் யார்? மாணவர்கள், வீட்டு நிர்வாகமும் வேலையும் பார்க்கும் பெண்கள், முதல் தடவை ஓட்டுப் போடுகிற பிள்ளைகள். மொத்தச் செலவு சுமார் 3 லட்சம் டாலர்தான். அவ்வளவு பெரிய தேசத்தில் ஜனாதிபதி போட்டிக்கு அது சில்லறைக் காசு. பெரிய வேட்பாளர்கள் இருவரை மட்டும் தொலைக்காட்சியில் விவாதிக்க விட்டபோது இவர் முறையிட்டார், வழக்காடினார். அரை மணி நேரம் இவருக்கும் கொடு என்று கோர்ட்டு சொல்லி வாங்கிக் கொடுத்தது. பணமில்லாதவனுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் சங்கத்தில் சொல்வது இதற்காகத்தான்.

குறைகளும் இருந்தன. சில ஊர்களில் கறுப்பின ஆதரவாளர்களுக்கும் வெள்ளைக்காரப் பெண் ஆதரவாளர்களுக்கும் யார் பெரியவர் என்ற சண்டை. பணம் வசூலிக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை. வேட்பாளர் வார நாளில் சபைக்கும் போக வேண்டும், மிச்ச நாளில் ஓட்டுக் கேட்கவும் வேண்டும். நேர்மையும் துணிச்சலும் இருந்தால் போதும், அமைப்பு தானாக வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வராது. அமைப்பை நாம்தான் கட்ட வேண்டும்.

எதிரியின் படுக்கையருகே

அந்தப் போட்டியில் ஜார்ஜ் வாலஸ் என்ற இன்னொருவரும் இருந்தார். அலபாமா மாநில கவர்னர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்று பேசியே பேர் வாங்கியவர். மே 15ஆம் தேதி மேரிலாந்தில் பிரசாரத்தின்போது ஒருவன் அவரைச் சுட்டுவிட்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. சிஷோம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தார். உங்கள் ஜனங்கள் உங்களை என்ன சொல்வார்கள் என்று வாலஸ் கேட்டாராம். என்ன சொல்வார்கள் என்று தெரியும், ஆனால் உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது என்று இவர் சொல்ல, அந்த மனிதர் அழுதுவிட்டார்.

சொந்தத் தொகுதி மக்களே கோபப்பட்டார்கள். எதிரியின் வீட்டுத் துக்கத்துக்குப் போய் வந்தால் நம் ஊரிலும் கோபப்படுவார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938இல் வந்தது. வீட்டு வேலை செய்பவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அந்த வேலையைச் செய்தவர்களில் மிகப் பலர் கறுப்பினப் பெண்கள். 36 ஆண்டுகள் அவர்கள் சட்டத்துக்கு வெளியே பாத்திரம் தேய்த்தார்கள். அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று சிஷோம் போராடினார். அத்தகைய மசோதாவை 1973இல் நிக்ஸன் தடுத்தார். மறுபடி கொண்டுவந்தபோது தென் மாநில உறுப்பினர்களின் ஓட்டு வேண்டியிருந்தது. அந்த ஓட்டுகளைச் சேர்க்க உதவியவர் வாலஸ்! 1974 ஏப்ரலில் நிக்ஸன் கையெழுத்துப் போட்டார். மே 1ஆம் தேதி முதல் வீட்டு வேலைக்கும் சட்டப்படி கூலி வந்தது. முதியோருக்குத் துணையிருக்க அமர்த்தப்பட்டவர்கள் விடுபட்டுத்தான் போனார்கள். என்றாலும் கதவு திறந்தது.

தாய்மார்களே, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் செய்வதும் வேலைதான், அதற்கும் சட்டக் கூலி உண்டு என்று ஒரு தேசம் ஒப்புக்கொள்ள எத்தனை பாடு என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தில் 2008இல் வீட்டு வேலைத் தொழிலாளருக்கு நல வாரியச் சட்டம் வந்தது. நல வாரியம் வேறு, கூலி உரிமை வேறு. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு கேட்கிற வேட்பாளர் யார் என்று நாம் தேட வேண்டும்.

எண்ணிக்கையும் அதற்குப் பிறகும்

இப்போது ஓட்டுக் கணக்கு. பிரைமரிகளில் சிஷோம் வாங்கியது சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் ஓட்டு. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஜூலையில் மியாமி கடற்கரை மாநாட்டில் முதல் சுற்றில் 152 பிரதிநிதிகள் அவர் பக்கம் நின்றார்கள். அதிலும் ஒரு பகுதி, போட்டியை விட்டு விலகிய ஹம்ஃப்ரி தன் கறுப்பினப் பிரதிநிதிகளைச் சிஷோமுக்கு விட்டுக்கொடுத்ததால் வந்தது. நாலாவது இடம். மெக்கவர்னுக்கு 1,700க்கு மேல். சுத்தமான தோல்வி.

அந்தப் பிரதிநிதிகளை வைத்துப் பேரம் பேசத்தான் அவர் நினைத்தார். தனக்குப் பதவி கேட்கும் பேரம் கிடையாது. கறுப்பினத்தவர் ஒருவர் துணை ஜனாதிபதி வேட்பாளராக வேண்டும். சுகாதாரம், கல்வி, நலத் துறைக்கு ஒரு பெண் தலைமை தாங்க வேண்டும். பூர்வகுடிகளின் நிலங்களைப் பார்க்கும் துறைக்குப் பூர்வகுடி ஒருவரே அமைச்சராக வேண்டும். 1972இல் இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1979இல் பாட்ரீஷியா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண் அந்த நலத் துறைக்கு அமைச்சரானார். 2021இல் பூர்வகுடிப் பெண்ணான டெப் ஹாலண்ட் அந்த இன்னொரு துறைக்கு அமைச்சரானார். அதே 2021இல் கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதியானார்.

கமலா ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். தாய்வழித் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஊரில் வெடி வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆனால் 2019 ஜனவரியில் அவர் ஜனாதிபதி போட்டியை அறிவித்தபோது, தன் பிரசாரச் சின்னத்துக்குச் சிஷோமின் நினைவாகத்தான் சிவப்பும் மஞ்சளும் எடுத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பிரைமரியில் ஓட்டுப் பதிவுக்கு முன்பே அவர் விலக நேர்ந்தது. 2024 பொதுத் தேர்தலில் டிரம்ப்பிடம் தோற்றார். அவரை எல்லாவற்றிலும் ஆதரிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம்மூர்ப் பேத்தி என்று கொண்டாடும்போது, அவருக்கு முன்னால் அந்த வழியில் முள்ளை வெட்டியவர் பேரையும் சொல்ல வேண்டும் என்கிறோம்.

இடையில் ஜெஸ்ஸி ஜாக்சன் 1984இலும் 1988இலும் நின்று லட்சக்கணக்கான ஓட்டு வாங்கித் தோற்றார். 2008இல் ஒபாமா வென்றார். ஒரு தோல்வியின் தோள்மேல் அடுத்த தோல்வி ஏறி நின்றுதான் வெற்றி எட்டியது. இது ரயில்வேக் குடும்பங்களுக்குப் புதிதில்லை. 1974 மே 8ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 27ஆம் தேதி வாபஸ் ஆயிற்று. வேலை போனது, வீடு போனது, சிறை நிறைந்தது. அந்தக் கோரிக்கைகளில் ஒன்று போனஸ். ரயில்வேக்காரனுக்குப் போனஸ் 1979இல் வந்தது.

முதலில் பெயரைப் பதிவு செய்

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். 1972இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் பார்பரா லீ என்ற கல்லூரி மாணவி. இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு படித்தவர். எந்தக் கட்சியிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர்கூட இல்லை. சிஷோம் கல்லூரிக்குப் பேச வந்தபோது, உங்களுக்காக வேலை செய்கிறேன் என்றார். சிஷோம் சொன்ன பதில், முதலில் உன் பெயரை வாக்காளராகப் பதிவு செய் என்பதுதான். லீ பதிவு செய்தார், அந்தப் பகுதியில் பிரசாரத்தை நடத்தினார், மியாமி மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போனார். 1998இல் அவரே காங்கிரஸ் உறுப்பினரானார். 2001 செப்டம்பர் 14ஆம் தேதி, போர் நடத்த ஜனாதிபதிக்கு அளவில்லாத அதிகாரம் தரும் தீர்மானத்துக்குச் சபையில் 420 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. அந்த ஒருவர் பார்பரா லீ. 2025இல் ஓக்லண்ட் மக்கள் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

1972இல் சிஷோமுக்கு விழுந்த ஓட்டில் ஒன்று அவருடையது. அது வீணான ஓட்டா, தோழர்களே?

ஆகவே சங்கத்தின் சார்பில் மூன்று விஷயம் சொல்கிறோம். முதலாவது, வாக்காளர் பட்டியல். இங்கே இருபது வருடம் குடியிருந்து, பெயரை மட்டும் ஊரில் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும், இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. புதிதாகச் சேரப் படிவம் 6. ஊரில் உள்ள பெயரை இங்கே மாற்றப் படிவம் 8. பதினெட்டு வயதான பிள்ளைகளையும், முக்கியமாகப் பெண்களையும் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கத்தில் எழுதிக் கொடுக்கிறோம். காசு வேண்டாம்.

இரண்டாவது, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் "நீங்கள் ஜெயிப்பீர்களா?" என்று கேட்பதை விடுவோம். எங்கள் குடிசைக்கு, எங்கள் கூலிக்கு, எங்கள் பிள்ளையின் பள்ளிக்கு நீங்கள் போன வருடம் எங்கே எழுந்து நின்றீர்கள் என்று கேட்போம். பதில் உள்ளவரை, அவர் கை காலியாக இருந்தாலும், தூக்கிப் பிடிப்போம்.

மூன்றாவது, தோற்றாலும் கலையக் கூடாது. எண்ணிக்கை முடிந்த மறுநாள் பெயர்ப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும், பத்துப் பேராவது மறுபடி கூட வேண்டும். வென்றவரிடம் தண்ணீர்க் குழாய் கேட்கப் போகும்போதுகூட, எண்ணிக்கையோடு போகிறவனைத்தான் உட்காரச் சொல்வார்கள்.

அடுத்த ஞாயிறு படிவங்களோடு சந்திப்போம்.